செழித்த பூமி வளர்ந்ததா? நீண்டகாலப் பொருளாதார வளர்ச்சி பற்றி டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் பொருளாதாரம் பேச உட்கார்ந்தால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் சூத்திரம் கேட்பார்கள். வயதானவர்கள் "அப்போ எங்க காலத்துல..." என்று ஆரம்பிப்பார்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது வகை. அதற்கே இங்கே இடம் அதிகம்.

மேட்டூர் நிரம்பி, குறுவையும் சம்பாவும் நன்றாக விளைந்தால் அந்த வருஷம் வளர்ச்சிதானே?

விளைச்சல் ஏறியது உண்மை. ஆனால் நீண்டகால வளர்ச்சி என்று பேசும்போது நாம் தேடுவது வேறு. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் மேட்டூர் அணை வழக்கமான தேதியான ஜூன் 12க்குத் திறக்கப்படவில்லை. 2020ல்தான் மறுபடியும் அந்தத் தேதிக்குத் தண்ணீர் விட்டார்கள். தண்ணீர் வராத ஆண்டு ஒன்றிலிருந்து 2020 வரை கணக்குப் போட்டால் டெல்டா சீனாவையே முந்திவிடும். 2011லிருந்து தண்ணீர் வராத ஆண்டு வரை போட்டால் உருப்படாத பூமி என்று ஆகிவிடும். இரண்டு கணக்கும் மழையைத்தான் அளக்கின்றன.

வளர்ச்சியைப் பார்க்க நல்ல ஆண்டை நல்ல ஆண்டோடு ஒப்பிட வேண்டும், அல்லது ஐந்தாண்டுச் சராசரி எடுக்க வேண்டும். காலம் ஒரு தலைமுறையாவது இருக்க வேண்டும். அளவு தலைக்கு இவ்வளவு என்று இருக்க வேண்டும். ஊர் உற்பத்தி இரட்டித்து, ஊர் ஜனமும் இரட்டித்தால் யாருடைய தட்டிலும் ஒரு பிடி சோறு கூடவில்லை.

சோழர் காலத்திலிருந்தே இது பணக்காரப் பூமி. நமக்கு என்ன புதிதாக வளர்ச்சி?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள். எந்த ஊரில் எத்தனை வேலி நிலம், அதிலிருந்து கோயிலுக்கு எத்தனை கலம் நெல் வர வேண்டும், எந்த மரக்காலால் அளக்க வேண்டும் என்பது வரை வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்த மரக்காலுக்கு ஆடவல்லான் என்று பெயர். இப்படிக் கணக்கு வைக்க வேண்டுமென்றால் அள்ளிக்கொண்டு போக ஏராளமான உபரி இருந்திருக்க வேண்டும். இருந்தது. கோயில், படை, கலை எல்லாம் அந்த உபரியில் எழுந்தவை.

ஆனால் உபரி இருப்பது ஒரு நிலை. தலைமுறைக்குத் தலைமுறை தலைக்கு வருமானம் ஏறிக்கொண்டே போவது வேறொரு சமாச்சாரம். பழைய உலகத்தில் அது எங்குமே பெரிதாக நடக்கவில்லை. புது வாய்க்கால் வெட்டினால் விளைச்சல் கூடும், கூடின நெல்லுக்குக் குழந்தைகளும் கூடுவார்கள், இரண்டு தலைமுறை கழித்துப் பார்த்தால் ஆளுக்குக் கிடைப்பது ஏறக்குறைய பழைய அளவுதான். 1798ல் மால்தஸ் என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் சொன்னது இதைத்தான். அவர் சொன்ன எதிர்காலம் பலிக்கவில்லை. அவர் வர்ணித்த இறந்தகாலம் பெருமளவு சரி.

ஆங்கஸ் மேடிசன் என்ற பொருளாதார வரலாற்றாளர் பல நூற்றாண்டுகளுக்கான தலா வருமானத்தை 1990ஆம் ஆண்டு சர்வதேச டாலரில், அதாவது நாட்டுக்கு நாடு உள்ள விலை வித்தியாசத்தைச் சரிசெய்த டாலரில், மதிப்பிட்டார். அவர் கணக்கில் இந்தியா 1600ல் 550, 1700ல் 550, 1820ல் 533, 1913ல் 673, 1950ல் 619. பிரிட்டன் 1700ல் 1,250. 1913ல் 4,900ஐத் தாண்டிவிட்டது.

வாட்ஸ்அப்பில் "1700ல் உலக வருமானத்தில் கால் பங்கு நம்முடையது" என்று ஒரு செய்தி சுற்றுகிறதே, அதுவும் இதே மேடிசன் கணக்கிலிருந்து வந்ததுதான். 1700ல் சுமார் 24 சதவீதம், 1950ல் சுமார் 4 சதவீதம். செய்தியை அனுப்புபவர்கள் பக்கத்துப் பத்தியைப் படிப்பதில்லை. கால் பங்கு வருமானம் இருந்த நாட்டில் உலக மக்கள்தொகையிலும் ஏறக்குறைய அதே பங்கு இருந்தது. காலனி ஆட்சி எடுத்துக்கொண்டு போனது நிஜம், நெசவு நசிந்ததும் நிஜம். ஆனால் பங்கு சரிந்ததன் பெரும்பகுதி, மற்றவர்கள் ஓட நாம் நின்ற இடத்திலேயே நின்றதால் வந்தது. ஏன் நின்றோம் என்பதில்தான் காலனி ஆட்சிக்கான குற்றப்பத்திரிகையை எழுத வேண்டும்.

அந்தக் காலத்து வருமானத்தை எப்படிக் கணக்கிட முடியும்? புள்ளிவிவரத் துறை ஏது?

நேரடியாக முடியாது. அதனால் கூலியைப் பிடித்துக்கொள்கிறார்கள்: ஒரு நாள் கூலிக்கு எத்தனை படி தானியம் வாங்கலாம்? பிரசன்னன் பார்த்தசாரதி 1998ல், 18ஆம் நூற்றாண்டுத் தென்னிந்திய நெசவாளர் தானியக் கணக்கில் பிரிட்டிஷ் நெசவாளருக்குச் சளைத்தவர் இல்லை என்று வாதிட்டார். ஸ்டீபன் பிராட்பெர்ரியும் பிஷ்ணுப்ரியா குப்தாவும் 2006ல் மறுத்தார்கள். தானியக் கூலியும் முன்பே பின்தங்கத் தொடங்கிவிட்டது, கூலியை வெள்ளி எடையாக மாற்றிப் பார்த்தால் இடைவெளி இன்னும் பெரிது என்பது அவர்கள் வாதம். நெல் மலிவான ஊரில் தானியக் கூலி பெரிதாகத் தெரியும், கடல் கடந்து வரும் சரக்கை வாங்கப் போனால் சிறிதாகிவிடும் என்பதே இந்தச் சண்டையின் உள்விஷயம்.

இதற்கு மேல் அளவைச் சிக்கல். ஊருக்கு ஊர் மரக்கால் வேறு. கூலி கொடுக்கிற படியும் குத்தகை வாங்குகிற படியும் ஒன்றாக இருந்தது என்று நம்புகிறவர்கள் டெல்டாவில் பிறக்காதவர்கள்.

ஜிடிபி (மொத்த உள்நாட்டு உற்பத்தி) என்று சொல்கிறார்களே, அதை நெல்லில் விளக்க முடியுமா?

முடியும். புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு. விதை, உரம், டீசல் என்று 40 ரூபாய் போட்டு விளைந்த நெல்லை விவசாயி 100 ரூபாய்க்கு விற்கிறார். ஆலைக்காரர் அதை அரைத்து அரிசியும் தவிடுமாக 150க்கு விற்கிறார். கும்பகோணத்தில் ஒரு மெஸ் அதைச் சாப்பாடாக்கி 350 வசூலிக்கிறது. விற்பனையை எல்லாம் கூட்டினால் 600 வரும். ஆனால் ஒரே நெல்லை மூன்று முறை எண்ணியிருப்போம். ஒவ்வொருவரும் கூட்டிய மதிப்பை மட்டும் எடுக்க வேண்டும்: விவசாயி 60, ஆலை 50, மெஸ் 200. ஆக 310. விதை, உரத்தின் 40 அதைத் தயாரித்தவர்கள் கணக்கில் வரும். நாடு முழுக்க ஓராண்டில் இப்படிக் கூடிய மதிப்பின் மொத்தம்தான், வரி, மானியக் கணக்கைச் சரிசெய்த பிறகு, ஜிடிபி. மெஸ்ஸுக்கு காய்கறி, கேஸ் செலவும் உண்டே என்று கேட்டால் நீங்கள் பாடத்தைப் பிடித்துக்கொண்டீர்கள் என்று அர்த்தம்.

விவசாயி 100 ரூபாய்க்கு விளைவித்தார் என்று அரசுக்கு எப்படித் தெரியும்? எல்லா நெல்லும் கொள்முதல் நிலையத்துக்கு வருவதில்லை. அதற்குத்தான் பயிர் அறுவடைப் பரிசோதனை. ஊரை, வயலை, வயலுக்குள் இடத்தைக்கூடக் குலுக்கல் எண் முறையில் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த இடத்தில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டுகிறார்கள். அதற்குள் நிற்கும் கதிரை மட்டும் அறுத்து, அங்கேயே அடித்து, தூற்றி, எடை போடுகிறார்கள். கொஞ்சம் நெல்லைக் காயவைத்து மறுபடி எடை பார்த்து ஈரத்தைக் கழிக்கிறார்கள். அந்த 25 சதுர மீட்டரிலிருந்து ஹெக்டேருக்கு இவ்வளவு என்று பெருக்கி, சாகுபடிப் பரப்பால் மறுபடி பெருக்கினால் மாவட்ட உற்பத்தி. வரப்போரம் அடர்த்தியாக நிற்கிற இடத்தில் கயிறு போட்டால் மாவட்டமே செழிப்பாகிவிடும். அதனால்தான் இடத்தைக் குலுக்கலுக்கு விட்டார்கள். பயிர்க் காப்பீட்டுத் தொகையும் இந்தக் கயிற்றை நம்பித்தான் இருக்கிறது என்பதால் கயிறு கட்டும் நாளில் வயலைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிடும்.

வீட்டுக்கு வைத்துக்கொள்ளும் நெல் கணக்கில் வருமா? அம்மா சமைப்பது?

நெல் வரும். வீட்டு மாட்டுப் பாலும் வரும். அம்மா சமைப்பது வராது. அதே அம்மா மெஸ்ஸில் சம்பளத்துக்குச் சமைத்தால் வரும். விதி அப்படி.

விலை ஏறினாலே ஜிடிபி ஏறிவிடாதா?

ஏறும். அதனால்தான் நிலையான விலை என்று ஒன்று. ஓர் ஆண்டை அடிப்படையாக வைத்து, அந்த ஆண்டு விலையிலேயே எல்லா ஆண்டுகளின் உற்பத்தியையும் மதிப்பிடுகிறார்கள். அடிப்படை ஆண்டை அவ்வப்போது மாற்ற வேண்டும். செல்போன் இல்லாத காலத்து விலைப்பட்டியலை வைத்து இன்றைய வீட்டை அளக்க முடியாது. மாற்றும்போது எண்களும் குதிக்கும்: 2015 ஜனவரியில் அடிப்படை ஆண்டு 2004-05லிருந்து 2011-12க்கு மாறியபோது, 2013-14ன் வளர்ச்சி 4.7 சதவீதத்திலிருந்து 6.9 ஆனது. இந்தத் தாவலைப் பற்றிப் பொருளாதாரக்காரர்கள் பல ஆண்டுகள் சண்டை போட்டார்கள்.

2 சதவீதமோ 4 சதவீதமோ, இதில் என்ன பெரிய வித்தியாசம்?

70ஐ வளர்ச்சி விகிதத்தால் வகுத்தால் இரட்டிக்க எத்தனை ஆண்டு என்று வரும். 1950 முதல் 1980 வரை நாட்டின் வளர்ச்சி ஆண்டுக்குச் சுமார் 3.5 சதவீதம். ராஜ் கிருஷ்ணா என்ற பொருளாதார அறிஞர் கேலியாக "இந்து வளர்ச்சி விகிதம்" என்று பெயர் வைத்தது இதற்குத்தான். ஜனத்தொகை 2 சதவீதத்துக்கு மேல் வளர்ந்ததால் தலைக்கு மிஞ்சியது சுமார் 1.4. அதாவது இரட்டிக்க 50 ஆண்டு. தலைக்கு 5 சதவீதம் என்றால் 14 ஆண்டு. முதலாவதில் வாழ்நாளில் ஒரு முறை மாற்றத்தைப் பார்க்கலாம், இரண்டாவதில் பிள்ளை பள்ளிக்கூடம் முடிப்பதற்குள்.

நெல்லிலும் இதே கதைதான். நாட்டின் சராசரி அரிசி மகசூல் 1950-51ல் ஹெக்டேருக்கு 668 கிலோ. இப்போது ஏறத்தாழ 2,800. நான்கு மடங்கு என்றால் பிரமாதமாகத் தெரிகிறது. ஆண்டுக்கு எவ்வளவு என்று பார்த்தால் வெறும் 2 சதவீதம், எழுபது ஆண்டு விடாமல்.

அணை கட்டு, ரோடு போடு, மெஷின் வாங்கு. முதலீடு செய்தால் வளர்ச்சி வந்துவிடாதா?

வரும், ஓர் அளவு வரை. மேட்டூரையே எடுத்துக்கொள்வோம். 1925ல் தொடங்கி 1934ல் முடித்தார்கள். 93.47 டிஎம்சி தேக்கலாம். கூடவே கல்லணைக் கால்வாய் வந்து ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்து வானம் பார்த்த பூமியில் நெல் விளையத் தொடங்கியது. பெரிய தாவல். ஆனால் தாவிய பிறகு? அந்தத் தண்ணீர் பாய வேண்டிய இடத்துக்கெல்லாம் பாய்ந்தபின் அதே அணை அடுத்த ஆண்டு கூடுதலாக எதையும் தரவில்லை. இரண்டாவது மேட்டூர் கட்டலாம் என்றால் நிரப்ப இரண்டாவது காவிரி இல்லை.

1956ல் ராபர்ட் சோலோ என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் சூத்திரமாக எழுதியது இதுதான். முதலீட்டை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் ஒவ்வொரு கூடுதல் ரூபாயும் முந்தையதைவிடக் குறைவாகத் தரும். ஒரு கட்டத்தில் தேய்மானத்தை ஈடுகட்டவே முதலீடு சரியாகப் போய்விடும். டெல்டாக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆண்டுதோறும் வாய்க்கால் தூர்வார ஒதுக்கும் பணத்தை நினைத்தால் போதும். அது புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. பழையது கடைமடைக்குப் போய்ச் சேர்ந்தால் சரி.

அடுத்த ஆண்டு, 1957ல், சோலோ அமெரிக்காவின் 1909 முதல் 1949 வரையான கணக்கை எடுத்து ஒரு மணி நேர உழைப்பின் உற்பத்தி ஏன் கூடியது என்று பிரித்துப் பார்த்தார். மூலதனம் கூடியதால் வந்தது எட்டில் ஒரு பங்கு. மீதி ஏழு பங்குக்கு நேரடியான காரணம் எதையும் காட்ட முடியவில்லை, தொழில்நுட்ப மாற்றம் என்று ஒரு மூட்டையில் கட்டிவைத்தார். அந்த மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று பிரிப்பதிலேயே அதன்பின் வந்த ஆய்வில் பெரும்பகுதி போயிருக்கிறது.

அந்த மூட்டைக்குள் என்னதான் இருக்கிறது?

எங்கள் ஊர்ப் பக்கத்துச் சான்று ஆடுதுறையில் இருக்கிறது. 1922ல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம். 1960களில் அங்கிருந்து வந்த ஏடிடி-27, ஜப்பானிய வகையையும் நம் வகையையும் கலந்து உருவாக்கிய குறுகியகால ரகம், குறுவைக்கு ஏற்றது. 1960-61ல் நாட்டிலேயே முதலில் தேர்ந்தெடுத்த ஏழு மாவட்டங்களில் ஒன்றாகத் தஞ்சையில் தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் தொடங்கியிருந்தது. விதையும் உரமும் கடனும் ஒரே சேர்ந்தாற்போல வந்தன. அதே நிலம், அதே மேட்டூர்த் தண்ணீர், கூடுதல் நெல்.

விதைநெல் மூட்டை ஒருவர் எடுத்தால் இன்னொருவருக்கு இல்லை. எந்த இரண்டு ரகத்தைக் கலக்க வேண்டும், எத்தனை நாளில் நட வேண்டும் என்ற அறிவு அப்படியில்லை. பத்து லட்சம் ஏக்கரில் பயன்படுத்தினாலும் தேயாது. இந்தக் குணத்தை 1990ல் வளர்ச்சிக் கோட்பாட்டின் நடுவில் வைத்ததற்காகத்தான் பால் ரோமருக்கு 2018ல் நோபல் கிடைத்தது. தேயாத ஒன்று உற்பத்தியில் சேரும்போது சோலோ சொன்ன தேக்கம் தள்ளிப்போகிறது.

அறிவு வந்தால் அது தனியாக வராது, பிரச்சினையையும் கூட்டிக்கொண்டு வரும். ஏடிடி-27 அறுவடைக்கு வரும் நேரமும் வடகிழக்குப் பருவமழை வரும் நேரமும் ஒன்று. கதிரிலேயே நெல் முளைத்தது, களத்துமேட்டில் அவிந்தது. ஈரநெல்லை எப்படிக் காயவைப்பது, எப்படி அரைப்பது என்று ஆராய 1967ல் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் ஓர் ஆய்வகம் வந்தது. அது வளர்ந்துதான் இன்று தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமாக நிற்கிறது. ஒரு விடை அடுத்த கேள்வியைப் பிறப்பித்து, அந்தக் கேள்விக்கு விடை தேட ஒரு நிறுவனமும் இருந்தால், அங்கே வளர்ச்சி தொடர்கிறது. 2025ல் நோபல் பெற்ற மூவரில் ஒருவரான ஜோயல் மோகிர் தொழிற்புரட்சியைப் பற்றிச் சொல்வதும் இதை ஒட்டியதுதான். எப்படிச் செய்வது என்ற கைப்பழக்கத்தோடு, ஏன் அப்படி நடக்கிறது என்ற அறிவும் சேர்ந்த இடத்தில்தான் முன்னேற்றம் நிற்காமல் போனது என்கிறார்.

கல்லணையை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். ஆழம் தெரியாத ஆற்றுமணலில் அஸ்திவாரம் நிற்க வைக்கும் வித்தை கரிகாலன் காலத்தது என்று சொல்லப்படும் அந்த அணையில் இருந்தது. ஆனால் அது எழுதப்படவில்லை, பாடமாகவில்லை, பல நூற்றாண்டுகள் அங்கேயே கிடந்தது. 1830களில் ஆர்தர் காட்டன் அதைப் பார்த்துத் தெரிந்துகொண்டு முக்கொம்பில் மேலணை கட்டினார், பிறகு கோதாவரிக்குக் கொண்டுபோய் தவளேசுவரம் அணையைக் கட்டினார். நம்மிடமிருந்து கற்றோம் என்று அவரே எழுதியும் வைத்தார். பெருமைப்படலாம். கூடவே, நம் பக்கத்து வித்தை பக்கத்து ஆற்றுக்குப் போக ஏன் வெளிநாட்டுப் பொறியாளர் தேவைப்பட்டார் என்றும் கேட்கலாம்.

ரயில்?

1860களின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சை வழியாகத் திருச்சிக்கு ரயில் வந்தது. சந்தை விரிந்தது, ஊருக்கு ஊர் விலை வித்தியாசம் சுருங்கியது. அதே பாதையில் நாகை துறைமுகத்துக்கு வந்து மலேயாவுக்குக் கப்பல் ஏறிய கூலிகளும் போனார்கள். டெல்டாவில் நெல் ஏராளம், நெல் விளைவித்தவர்களுக்குச் சோறு கடல் கடந்து. இது அடுத்த கேள்விக்குக் கொண்டுபோகிறது.

நிலம் யாரிடம் இருந்தது என்பதற்கும் வளர்ச்சிக்கும் சம்பந்தம் உண்டா? அது நியாயம் பற்றிய பேச்சு இல்லையா?

நியாயம் பற்றியதும்தான். ஆனால் கணக்கும் உண்டு. விளைவதில் ஐந்தில் ஒரு பங்குதான் தனக்கு என்றால், குத்தகைக்காரர் கூடுதலாக ஒரு மூட்டை உரம் போடுவாரா? செலவு முழுக்க அவருடையது, பலனில் நான்கு பங்கு மிராசுதாருடையது. போடமாட்டார். ஏன் போட வேண்டும்? 1956ன் நியாயக் குத்தகைச் சட்டம் நன்செயில் நிலவுடைமையாளர் பங்கு 40 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றது. எழுத்தில் வந்ததும் வயலில் நடந்ததும் ஒன்றில்லை என்றாலும், கணக்கு திரும்பிய இடம் அது. அதற்கு முன்பே 1952ல் தஞ்சைக்கென்று தனியாகக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்திருந்தது. சென்னை மாகாணத்தில் ஒரு மாவட்டத்துக்கென்று தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது என்பதிலேயே இங்கிருந்த நிலைமை தெரியும்.

இன்னொரு பக்கம் பண்ணையாள். அவர் பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் மாடு மேய்த்தால் மாவட்டம் இழந்தது ஒரு எழுத்தரை, ஒரு மெக்கானிக்கை, யார் கண்டது, ஆடுதுறைக்கு ஒரு விஞ்ஞானியை. கும்பகோணம் அரசுக் கல்லூரி 1854ல் தொடங்கியது; சேரித் தெருவிலிருந்து அதன் வாசலுக்குப் போக நெடுங்காலம் ஆனது. 1968 டிசம்பர் 25ல் கீழவெண்மணியில் 44 பேரை எரித்தது, பசுமைப் புரட்சியின் மகசூல் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், நெல் கூலியை உயர்த்திக் கேட்ட போராட்டத்தின் நடுவில். ஜிடிபி கணக்கில் அந்த ஆண்டும் ஒரு நல்ல ஆண்டாகவே தெரியக்கூடும். அடுத்த ஆண்டு கிழக்குத் தஞ்சைக்கு விவசாயத் தொழிலாளர் நியாய ஊதியச் சட்டம் வந்தது.

டக்ளஸ் நார்த் 1993லும், அசெமோக்லு, ஜான்சன், ராபின்சன் மூவரும் 2024லும் நோபல் வாங்கியது, சட்டமும் அதிகாரமும் யாருக்குக் கதவைத் திறக்கின்றன என்பதே நீண்டகால வருமானத்தைத் தீர்மானிக்கிறது என்று காட்டியதற்கு. எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல்: அவர்களுடைய உதாரணங்கள் நாடு நாடாகப் போகின்றன. ஒரே ஊரில் இரண்டு தெருவுக்கு இரண்டு விதமான அமைப்பு இருக்க முடியும் என்பதற்கு அங்கே இடம் குறைவு.

டெல்டாவில் தொழிற்சாலையே இல்லை. வேளாண் மண்டலம் என்று வேறு அறிவித்துவிட்டார்கள். அப்படியானால் வளர்ச்சிக்கு வழி?

எந்த நாடும் விவசாயத்தில் மட்டும் இருந்து பணக்கார நாடானதில்லை. நம் நாட்டில் வேலை செய்பவர்களில் சுமார் 45 சதவீதம் பேர் விவசாயத்தில். உற்பத்தி மதிப்பில் விவசாயத்தின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. ஆள் விவசாயத்திலிருந்து வேறு வேலைக்கு நகர்ந்தாலே சராசரி ஏறும் என்பது இந்த இரண்டு எண்களிலேயே இருக்கிறது. டெல்டாவில் நகர்வு நடந்துகொண்டுதான் இருக்கிறது, ஊருக்கு வெளியே: திருப்பூர், சென்னை, வளைகுடா, சிங்கப்பூர். நடவுக்கு ஆள் இல்லை என்று புலம்பல், அறுவடைக்குக் கதிர் அறுக்கும் மெஷின்.

2020ன் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் ஹைட்ரோகார்பன் எடுப்பது போன்ற சில தொழில்களைத் தடுக்கிறது. அதை நான் ஆதரிக்கிறேன். கடல்நீர் உள்ளே வந்துவிட்ட நிலத்தடி நீரைத் திரும்ப நன்னீராக்க எந்த முதலீட்டாலும் எளிதில் முடியாது. ஆனால் தடுப்பது ஒரு பாதிக் கொள்கை. அரவை, தவிட்டு எண்ணெய், தென்னைப் பொருள், மீன் பதப்படுத்தல், மருத்துவமனை, கல்லூரி என்று மண்ணைக் கெடுக்காத வேலைகள் எங்கே வரும் என்று சொல்லாவிட்டால் பஸ் ஏறுவதுதான் பிள்ளைகளின் தொழிற்கொள்கை.

சிங்கப்பூர் பணம் நம் ஜிடிபியில் சேருமா?

சேராது. மன்னார்குடிப் பையன் சிங்கப்பூரில் குடியிருந்து செய்யும் வேலை சிங்கப்பூரின் ஜிடிபி. அவன் வீட்டுக்கு அனுப்புவது மாற்றுத் தொகை, அதாவது கை மாறும் பணம், இங்கே நடந்த உற்பத்தி இல்லை. அந்தப் பணத்தில் இங்கே வீடு கட்டினால் கொத்தனார் கூலியும் செங்கலும் நம் கணக்கில் வரும். சின்ன சிங்கப்பூர் என்று பெயரெடுத்த கூத்தாநல்லூரைத் தெருவில் நடந்து பார்த்தால் தெரியும் வசதியும் உற்பத்திக் கணக்கும் பொருந்தாததற்கு இதுவே காரணம்.

இன்னொன்று: அங்கே முடிவெட்ட ஆகும் காசில் இங்கே குடும்பத்துக்கே முடிவெட்டலாம். அதனால் நாடுகளை ஒப்பிடும்போது வங்கி மாற்று விகிதத்தை விட்டு, ஒரே கூடைப் பொருளுக்கு எங்கே எவ்வளவு என்ற வாங்கும் சக்திக் கணக்கைப் பயன்படுத்துகிறார்கள்.

கஜா புயலுக்குப் பிறகு கட்டட வேலை, கடை வியாபாரம் எல்லாம் சூடு பிடித்தது. புயலும் வளர்ச்சியா?

கணக்கு அப்படிச் சொல்லும் அபாயம் உண்டு. ஜிடிபி ஓர் ஆண்டில் ஓடிவருவதை அளக்கிறது, கையிருப்பை அளப்பதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா, பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புகளைப் படுக்கவைத்தது. நட்டுப் பல வருஷம் காத்திருந்து காய்ப்புக்கு வந்த மரம், இன்னும் பல பத்தாண்டு காய்த்திருக்கும். அது விழுந்தது ஜிடிபியில் நேரடியாகக் கழியாது. அடுத்த ஆண்டுகளில் தேங்காய் குறையும்போதுதான் தெரியும். விழுந்த மரத்தை வெட்டி அகற்றிய மெஷினின் வாடகை உடனே கூடும்.

ஆற்றுமணலும் இப்படித்தான். கொள்ளிடத்தில் அள்ளிய மணல் சுரங்கத் துறையின் உற்பத்தி. ஆற்றுப்படுகை இறங்கியது, போர்செட் இன்னும் ஆழமாகப் போனது எங்கும் கழிக்கப்படவில்லை. புது போர் போட்ட செலவு மறுபடி கூட்டல். நாட்டு வருமானக் கணக்கை 1934ல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தயாரித்துக் கொடுத்த சைமன் குஸ்னெட்ஸே, இந்த எண்ணை வைத்து மக்கள் நலத்தை எடைபோடாதீர்கள் என்று அதே அறிக்கையில் எச்சரித்திருந்தார். எச்சரிக்கையை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

தமிழ்நாடு 11 சதவீதம் வளர்ந்தது என்கிறார்கள். எங்கள் மாவட்டத்துக்கு எவ்வளவு?

2024-25க்கு முதலில் வந்த மதிப்பீடு 9.69 சதவீதம், சில மாதம் கழித்து 11.19 ஆகத் திருத்தினார்கள். திருத்துவது மோசடி இல்லை, கணக்குகள் தாமதமாக வந்து சேர்வதால் நடப்பது. ஆனால் ஓராண்டு எண்ணுக்கே ஒன்றரைப் புள்ளி ஆட்டம் இருக்கிறது என்பதை நினைவில் வைத்து மேடைப் பேச்சைக் கேளுங்கள்.

மாவட்ட எண்கள் இன்னும் மெல்லியவை. வங்கி, ரயில்வே, தொலைத்தொடர்பு மாதிரித் துறைகளின் வருமானத்தை எந்த மாவட்டத்துக்குப் பங்கு போடுவது? ஏதோ ஒரு விகிதத்தில் பிரிக்கிறார்கள். ஹென்டர்சன், ஸ்டோரிகார்ட், வெயில் மூவரும் 2012ல் இரவு நேரத்தில் செயற்கைக்கோளில் தெரியும் விளக்கொளியை வைத்து வளர்ச்சியை மதிப்பிடும் வழியைக் காட்டினார்கள். நகரங்களுக்கு அருமையான வழி. திருவாரூர் வயல் இரவில் எரியாது. மகசூல் இரட்டித்தாலும் வானத்திலிருந்து இருட்டுதான்.

சரி, என் ஊரை நானே அளந்து பார்க்க என்ன செய்யலாம்?

கூலியிலிருந்து தொடங்குங்கள். நடவுக் கூலி ஆணுக்கு எவ்வளவு, பெண்ணுக்கு எவ்வளவு, அந்த ஆண்டு அரிசி கிலோ என்ன விலை. கூலியை விலையால் வகுத்தால் ஒரு நாள் உழைப்புக்கு எத்தனை கிலோ அரிசி என்று வரும். பத்தாண்டுக்கு ஒன்று என்று ஐந்தாறு எண் கிடைத்தாலே ஒரு கோடு தெரியும். ரேஷன் அரிசியைத் தனியாகக் குறியுங்கள், இல்லாவிட்டால் கோடு கோணலாகும். நூறு நாள் வேலைத் திட்டம் 2006ல் நாட்டின் முதல் கட்ட மாவட்டங்களில் ஒன்றாக நாகைக்கு வந்தது. நாகைப் பக்கத்துக் கோட்டில் அந்த ஆண்டுக்கு ஒரு புள்ளி வையுங்கள், முன்னும் பின்னும் கூலி எப்படிப் போகிறது என்று பாருங்கள்.

பழைய எண்களுக்குப் பண்ணை வீடுகளின் கணக்கு நோட்டுகளைத் தேடலாம். பெரும்பாலும் பரணில் இருக்கும். எழுதியவர் எந்த மரக்காலில் எழுதினார் என்று வீட்டுப் பெரியவரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கூலி நெல்லாகக் கொடுத்த ஆண்டுகளில் மதியக் கஞ்சி, பொங்கலுக்குத் துணி, களத்தில் கூட்டி அள்ளிய நெல் என்று நோட்டில் ஏறாதவை இருக்கும். அதை வாங்கியவர்கள் வீட்டிலும் கேட்க வேண்டும். கொடுத்தவர் சொல்லும் அளவும் வாங்கியவர் சொல்லும் அளவும் வேறாக இருந்தால் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள், சராசரி எடுத்துவிடாதீர்கள்.